லெவல் கிராஸிங்கின் ஆகச்சிறந்த கச்சேரி

ஜனவரி 6

காலையில் தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை எந்த மாதத்தில் வரும் என்று கேட்கவில்லை.

இந்த டைரி ஓய்வூதியர் சங்கத்தில் கொடுத்தது. போன வருஷத்து டைரியில் பிலோமினா பால் கணக்கு எழுதிவிட்டாள். இந்த வருஷம் நானே முதலில் கிறுக்கி வைத்துவிட்டால் அவள் கைக்குப் போகாது. எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மோட்டார் கவலையில் இருந்தபோது ஒரு போன்.

"சார், நீங்க லெவல் கிராஸிங் சவரிராஜ்தானே?"

"இங்க லெவல் கிராஸிங்லாம் எடுத்துட்டாங்க தம்பி. மேம்பாலம் கட்டியாச்சு" என்று வைத்துவிட்டேன்.

"யாருங்க?" என்றாள் பிலோமினா. கிரெடிட் கார்டு என்றேன்.

ஜனவரி 8

கிரெடிட் கார்டு நேரிலேயே வந்துவிட்டது. பெயர் இளம்பரிதி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, முப்பது வயது இருக்கும். அவன் போட்டிருந்த டீ ஷர்ட்டில் நான் இருந்தேன். நான், நெவில், டோமினிக் மூவரும். நெவிலின் கையில் கிட்டார், என் கையில் பேஸ் கிட்டார், எல்லோர் தலையிலும் முடி.

"இது யாரு, உங்க தம்பியா?" என்று பிலோமினா என் முகத்தைச் சுட்டிக் கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள்.

அவன் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், நானே நம்புவதற்காக. பொன்மலை ரயில்வே காலனியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய ராக் குழு லெவல் கிராஸிங். ஒரு பாட்டை ஒரு தடவை வாசித்தது போல இன்னொரு தடவை வாசிக்க மாட்டோம். அந்தந்த நேரத்தில் தோன்றுவதுதான் பாட்டு. ரெக்கார்டு எதுவும் போடவில்லை. ஆனால் கச்சேரிக்கு வந்தவர்கள் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பிரதியெடுத்து, பிரதியைப் பிரதியெடுத்து, இப்போது இன்டர்நெட்டில் போட்டு, ஐம்பது அறுபது பேர் வெறி பிடித்துக் கேட்கிறார்கள். பாதிப் பேர் நாங்கள் குழுவைக் கலைத்த பிறகு பிறந்தவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கூடி, எங்கள் கச்சேரிகளில் எது சிறந்தது என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இரண்டாம் இடத்துக்குத்தான் சண்டையாம். முதலிடத்தில் எப்போதும் ஒன்றுதான். ஏற்காடு, 1981 மே மாதம்.

"பாயிண்ட்ஸ்மேன் பாட்டு வழக்கமா எட்டு நிமிஷம் சார். அன்னிக்கு நாப்பத்தொண்ணு!" அவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "இருபத்திமூணாவது நிமிஷத்துல நெவில் சார் பாட்டை முடிக்கப் போறார். நீங்க விடல. ஒரே சுரத்துல நின்னீங்க பாருங்க... அது வாசிப்பு இல்ல சார், தவம்."

"வீட்லயும் அப்படித்தான் தம்பி" என்று காபியை வைத்தாள் பிலோமினா. "ஒண்ணைப் பிடிச்சா அதுலயே நிப்பாரு."

குடியரசு தினத்தன்று திருச்சியிலேயே விழா. காலையில் ஏற்காடு கேசட்டை எல்லோரும் சேர்ந்து கேட்பது, மாலையில் கச்சேரி. டோமினிக் கொரோனாவில் போய்விட்டான். அதனால் இருக்கிற இரண்டு பேரை மேடையேற்றப் போகிறார்களாம்.

"நெவில் சார் ஆஸ்திரேலியாலேர்ந்து வர்றார் சார். இதுதான் கடைசிப் பயணம், இனிமே இவ்வளவு தூரம் வர முடியாதுன்னு சொல்லிட்டார்."

எனக்கு முதுகு வலி, பேஸ் கிட்டாரை எப்போதோ விற்றுவிட்டேன், மோட்டார் வேறு ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நெவிலும் நானும் பேசி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பையன் படித்திருக்கிற வரலாற்றில் நாங்கள் உயிர் நண்பர்கள்.

ஜனவரி 9

மெக்கானிக் வரவில்லை. நெவிலைப் பற்றி நினைக்கவில்லை.

ஜனவரி 11

மோட்டார் ஓடுகிறது. மனது நிம்மதியாக இருப்பதால் ஏற்காட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு தூரம் சுற்றினாலும், நெவில் கிட்டாரின் கழுத்தைத் தூக்கிக் காட்டினால் பாட்டை முடிக்க வேண்டும் என்று அர்த்தம். உடனே நான் பேஸில் இறங்கி ஆரம்பச் சுரத்துக்கு வருவேன். வீட்டுக்கு வருவது என்போம். நான் வீட்டுக்கு வந்ததும் டோமினிக் ட்ரம்ஸில் ஒரு அடி போடுவான், முடிந்தது. நெவில் கூப்பிடாமல் நான் வர மாட்டேன், நான் வராமல் அவன் முடிக்க முடியாது.

அந்த மே மாதம் எனக்கு வங்கியில் வேலை உத்தரவு வந்திருந்தது. ஜூனில் மூவரும் பம்பாய் போவதாக ஏற்பாடு. நான் வரவில்லை என்பதை எப்போது சொல்வது என்று தள்ளிப்போட்டு, கடைசியில் ஏற்காட்டில் மேடைக்குப் பின்னால் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். சொல்வதற்கு அதைவிட மோசமான நேரம் தேடினாலும் கிடைக்காது. நெவில் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "குமாஸ்தா" என்றான். அவ்வளவுதான். மேடையேறிவிட்டோம்.

பாயிண்ட்ஸ்மேனில் அவன் கழுத்தைத் தூக்கினான். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குமாஸ்தா இல்லாமல் முடித்துக்காட்டு பார்ப்போம் என்று. அவன் மறுபடி தூக்கினான், மறுபடி நின்றேன். பிறகு கை வலித்து நானாகவே வீட்டுக்கு வந்தபோது, அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேறெங்கோ கிளம்பிப் போனான். அவன் வந்தால் நான் இல்லை, நான் வந்தால் அவன் இல்லை. கடைசியில் டோமினிக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். ஸ்டூல் காலி. அப்படித்தான் அந்தப் பாட்டு முடிந்தது. இளம்பரிதி கூட்டம் அந்த இடத்துக்கு 'மகா மௌனம்' என்று பெயர் வைத்திருக்கிறது.

மலையிறங்கிய பஸ்ஸில் நெவில் முன்சீட்டிலும் நான் பின்சீட்டிலும். அதற்குப் பிறகு பேச்சில்லை. அவன் பம்பாய் போனான், ஆஸ்திரேலியா போனான். நான் அரியலூர், துறையூர், மணப்பாறை கிளைகளுக்குப் போனேன்.

இப்போது வந்தும் ஒரு வார்த்தை பேசாமல் அவன் திரும்பிப் போனால், அத்தோடு முடிந்தது. எனக்கொன்றும் நஷ்டமில்லை. சும்மா எழுதினேன்.

ஜனவரி 13

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய பிலோமினா பரணில் ஆளை ஏற்றினாள். பழைய போர்வை சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று இறங்கியது.

"இதைத்தான் வித்துட்டீங்களா?"

வாங்க வந்தவன் விலை படியவில்லை என்றேன். "நாப்பது வருஷமாவா பேரம் பேசுறான்?" என்று கேட்டுவிட்டு, போர்வையைத் துவைக்கப் போட்டாள்.

ஜனவரி 16

வலது கை இரண்டு விரல் நுனியிலும் கொப்புளம். தோசைக்கல் சுட்டுவிட்டது.

பிலோமினா, நான் எந்தத் தேதியில் தோசை சுட்டேன் என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். பேஸ் கிட்டாரை விற்பதற்கு முன் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்ப்பதற்குப் புதுக் கம்பி போடத்தானே வேண்டும்? மெயின்கார்டு கேட் பக்கம் வேறு வேலையும் இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகமில்லை.

ஜனவரி 18

ஏற்காடு கேசட்டை யூடியூபில் கேட்டேன். இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கீழே கருத்துகள் போட்டிருக்கிறார்கள்.

'பேஸ் சொல்லும் அந்த "முடியாது" இருக்கிறதே, அது மனித குலத்தின் முடியாது' என்று ஒருவர். 'இரண்டு ஆன்மாக்கள் ஒன்றையொன்று தேடுகின்றன' என்று இன்னொருவர். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் தனக்குக் கண்ணீர் வந்ததாகக் கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நிமிஷத்தில் நான் நெவிலை மனதுக்குள் என்ன திட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை டைரியில் எழுத முடியாது, பிலோமினா படிப்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நன்றாக வாசித்திருக்கிறோம். கோபத்தில் எனக்கு அப்படி ஒரு கை இருந்தது என்று தெரியாமலே போய்விட்டது.

ஜனவரி 19

விழாவுக்கு வருகிறேன் என்று இளம்பரிதிக்குச் சொல்லிவிட்டேன். பாவம், பையன் முகம் வாடியிருந்தது. போனில்தான் பேசினோம், இருந்தாலும் தெரிந்தது.

ஜனவரி 23

நெவில் வந்துவிட்டானாம். கண்டோன்மெண்டில் ஓட்டல்.

"என்னைப் பத்திக் கேட்டாரா?" என்று இளம்பரிதியிடம் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"கேட்டார் சார். நீங்க வர்றீங்களான்னு கேட்டார். வர்றீங்கன்னதும், 'பாக்கலாம்'னார்."

"பாக்கலாம்னா எப்படி? சந்தோஷமாவா?"

"பாக்கலாம்னார் சார்."

ஓட்டலுக்கு ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பக்கமாகத்தான் மருந்துக் கடைக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே மருந்துக் கடை இருக்கிறது என்பதை பிலோமினா ஞாபகப்படுத்தினாள்.

ஜனவரி 25

தலைக்குச் சாயம் அடித்தேன். பிப்ரவரியில் ஒரு கல்யாணம் இருக்கிறது.

ஜனவரி 26

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹால். காலையில் நானும் பிலோமினாவும் போனபோது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அறுபது பேர் கண்ணை மூடி, மாதா கோயிலில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்து, இரண்டு பையன்கள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு கோடியில் வழுக்கைத் தலையோடு, காதில் மெஷின் வைத்துக்கொண்டு ஒரு கிழவர். நெவில்தான். நான் மறு கோடியில் போய் உட்கார்ந்தேன். அவன் திரும்பவில்லை. நான் மட்டும் திரும்புவேனா?

மகா மௌனம் வந்தது. அறுபது பேரும் மூச்சுவிடவில்லை. எனக்கு டோமினிக் டீ குடித்தது ஞாபகம் வந்து அழுகையும் சிரிப்புமாக முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு எங்களை மேடையில் இரண்டு நாற்காலியில் உட்கார வைத்தான் இளம்பரிதி. "அந்த இருபத்திமூணாவது நிமிஷத்துல உங்க ரெண்டு பேர் மனசுலயும் என்ன இருந்தது சார்?"

நெவில் வாயைத் திறக்கவில்லை. வங்கியில் கிளை மேலாளராக இருந்தவன் நான், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் முன்னால் பேசிப் பழகிய வாய். மைக்கைப் பிடித்தேன்.

"அது ஒரு தேடல்" என்றேன். "இசையின் எல்லை எதுன்னு இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். மனோதர்மம்ங்கறது..."

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நெவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காது மெஷின் கழன்று மடியில் விழுந்தது.

"டேய் சவரி, பொய் சொல்லாத மேன்!"

நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த வார்த்தை இது. என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவில்லை.

அவன் மைக்கைப் பிடுங்கினான். "நான் அவனைக் குமாஸ்தான்னு திட்டினேன். அவனுக்குக் கோவம். அதனால பாட்டை முடிக்க விடல. அப்புறம் எனக்குக் கோவம், நானும் விடல. தேடலாவது ஒண்ணாவது! டோமினிக் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு டீக்குப் போயிட்டான் மேன், அவ்வளவுதான்."

ஹாலில் கைதட்டல், எழுந்து நின்று கைதட்டல். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு தன்னடக்கம்!" என்று யாரோ சொன்னது மேடை வரை கேட்டது.

மதியம் பிரியாணி. மாப்பிள்ளை அறையில் எங்கள் இருவருக்கும் தனியாக இலை போட்டார்கள். பிலோமினா எதிரில் உட்கார்ந்து, நெவிலின் இலையில் வெங்காயப் பச்சடியை அள்ளி அள்ளி வைத்தாள்.

"பம்பாயில எத்தனை வருஷம் வாசிச்ச?" என்று கேட்டேன்.

"எட்டு மாசம்" என்றான். "அப்புறம் ஆஸ்திரேலியா, பெர்த். அங்க முனிசிபாலிட்டியில சேர்ந்தேன். பார்க்கிங் அபராதம் செக்‌ஷன். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே நாற்காலி."

நான் எலும்பைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்தேன்.

"சிரிக்காத மேன்."

"நான் சிரிக்கலியே."

"நான் குமாஸ்தாதான். நீ மேனேஜராவது ஆன."

அப்போதுதான் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரிப்பு நின்றதும் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ வந்திருந்தா ரெண்டு பேருமாப் பட்டினி கிடந்திருப்போம். நான் தனியாக் கிடந்தேன். தனியாப் பட்டினி கிடக்கறது ரொம்ப போர் மேன்."

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச வேறு எவ்வளவோ இருந்தது. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், யாருக்குச் சர்க்கரை.

மாலைக் கச்சேரி. பல் டாக்டர்தான் ட்ரம்ஸ். பாயிண்ட்ஸ்மேன் ஆரம்பித்தோம். ஹாலில் எல்லோர் கையிலும் போன், எல்லோரும் பதிவு செய்கிறார்கள்.

சிரமம் என்னவென்றால், எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் பாக்கியில்லை. நெவில் ஒரு பக்கம் கிளம்பினால், சரி போகட்டும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். நான் கொஞ்சம் சத்தம் கூட்டினால் அவன் உடனே குறைத்துக்கொண்டு, வாசி வாசி என்று தலையாட்டினான். நீங்க சாப்பிடுங்க, இல்ல நீங்க சாப்பிடுங்க என்று சம்பந்தி வீட்டார் உபசாரம் செய்துகொள்வது போல இருந்தது. நடுவில் அவன் ஒரு சுரத்தைத் தவறவிட்டான். அவன் சங்கடப்படக் கூடாதே என்று நானும் ஒன்றைத் தவறவிட்டேன். அவன் கழுத்தைத் தூக்கினான். தூக்கிய மறுநொடி நான் வீட்டுக்கு வந்தேன். பல் டாக்டர் ஒரு அடி போட்டார். ஆறே நிமிஷம்.

ஹால் கைதட்டத் தயாராக இருந்தது, முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு தெரிந்து தட்டினார்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட உறவுக்காரப் பையனைத் தட்டிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி.

"நல்லா இருந்தது சார்" என்றான் இளம்பரிதி. சற்று நேரம் காலை மாற்றி மாற்றி நின்றுவிட்டுக் கேட்டான். "இன்னொரு பாட்டு வாசிக்கிறீங்களா? ஆனா அதுக்கு முன்னாடி... ரெண்டு பேரும் கொஞ்சம் சண்டை போட்டுக்க முடியுமா?"

முயற்சி செய்து பார்த்தோம். நெவில் என்னைப் பார்த்து முறைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 28

நெவிலை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். இளம்பரிதி காரை ஓட்டினான். பின்சீட்டில் நானும் நெவிலும் பக்கத்தில் பக்கத்தில். பேசிக்கொண்டே வந்ததில் ஏர்போர்ட் வந்ததே தெரியவில்லை. இனி வர மாட்டான். அது இருவருக்கும் தெரியும். கட்டிப்பிடித்துக்கொண்டோம். ரொம்ப நேரம். என் தலைச்சாயம் அவன் காலரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

திரும்பும்போது இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டான். ரசிகர் குழுவில் எல்லோரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்களாம். குடியரசு தினக் கச்சேரியின் பதிவை வெளியே விடுவதில்லை, அவரவர் போனில் இருப்பதையும் அழித்துவிடுவது என்று.

"உங்க ரெண்டு பேர் பேருக்காகத்தான் சார். வரலாற்றுல ஏற்காடு நிக்கட்டும். இது வேண்டாம்."

நல்ல முடிவு என்றேன். எனக்கு மட்டும் ஒரு பிரதி வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார்?" அவன் நிஜமாகவே கவலைப்பட்டான். "கேக்கறதுக்கா?"

மத்தியானம் போனில் அனுப்பிவைத்தான். நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு கேட்டேன். பிலோமினா அரிசி புடைத்தபடி பக்கத்தில் இருந்தாள். நெவில் சுரத்தைத் தவறவிடுகிற இடம் வந்தது. அடுத்தாற்போல் நான் தவறவிடுகிற இடம். மறுபடி முதலிலிருந்து போட்டேன். நான்காவது முறை போட்டபோது, "இவ்வளவு மோசமாவா வாசிப்பீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

லெவல் கிராஸிங்கின் கச்சேரிகளில் ஆகச்சிறந்தது எது என்று இனி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை, அவர்கள் அதை எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். கேட்டால் இதைத்தான் சொல்வேன்.